கர்னல் பெட்டோமும் ஏலமலைச் சரிவும்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்குவார்க்கு மலைத்தொடர் ஒரு நெடுஞ்சுவர் போலத் தோன்றும். சுவருக்கு அப்பால் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஏலக்காடுகள். இப்பால் மழைமறைவு நிலம். குரங்கணிக்கு மேலே பிறந்து ஊரைத் தழுவிச் செல்லும் கொட்டகுடி ஆறு இல்லையேல் இவ்வூரின் வயல்கள் இல்லை. இச்சுவரைப் பன்னெடுங்காலமாக ஏறி இறங்கியவர்கள் முதுவர்களும், பளியர்களும், பொதிமாட்டு வணிகர்களுமே. எனினும் ஏட்டிலே ஏறிய பெயர்கள் பெரும்பாலும் படைவீரர்களுடையவை. மலையேற்றத்தைக் குறித்துவைக்கும் வழக்கம் பட்டாளத்துக்கு இருந்தது, பொதிமாட்டுக்காரருக்கு இல்லை.

அவ்வாறு ஏறிய பெயர்களுள் முதலாவது பொய்யானது. பிற்காலத்தில் வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, 1790இல் திப்பு சுல்தானின் படையை மறிக்கக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இம்மலையைக் கடக்க முயன்றார் என்பது தோட்டத்துரைமார் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. வெல்லெஸ்லி இந்தியாவுக்கு வந்ததே 1797இல்தான். புகழ்பெற்ற ஒருவர் தம் மலையில் கால் வைத்திருக்கவேண்டும் என்னும் ஆசை எல்லா ஊர்க்கும் உண்டு. தலபுராணம் தோட்டத்துரைமாரையும் விடவில்லை.

மெய்யாக வந்தவர்கள் அளவைக்காரர்கள். சென்னைப் படையின் லெப்டினன்ட் வார்டும் லெப்டினன்ட் கானரும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து எழுதிய குறிப்பேடு, 1863இல் அச்சேறியது. அதே வார்டு 1821இல் பழனிமலையை அளக்க ஏறினார். டக்ளஸ் ஹாமில்டன் என்ற மற்றொரு படையதிகாரி 1862 மே 4ஆம் நாள் ஆனைமுடியின் உச்சியை அடைந்தார். ஐரோப்பியர் அவ்வுச்சியை அடைந்ததாகப் பதிவான முதல் நிகழ்ச்சி அது. அவருக்கு முன்பே மலைவாழ் மக்கள் அங்கே சென்றிருப்பர் என்பதில் ஐயம் கொள்ள வேண்டியதில்லை. அபிசீனியப் போரில் பணிபுரிந்த பென்னிகுக் பின்னர் முல்லைப் பெரியாற்று அணையை எழுப்பிய வரலாறு தேனி வட்டாரத்தில் குழந்தைகளும் அறிந்தது.

இவ்வரிசையில் அதிகம் பேசப்படாத ஒருவர் உண்டு. அவர் அணை கட்டவில்லை. சிகரம் ஏறியதற்காகப் புகழ் பெறவுமில்லை. தரையைப் பார்த்து நடந்தவர் அவர். கல்லைப் புரட்டியும் மட்கிய மரத்தைப் பிளந்தும் பார்த்தவர். ரிச்சர்டு ஹென்றி பெட்டோம் என்பது அவர் பெயர்.

பெட்டோம் 1830 மே 11ஆம் நாள் இலண்டன் மாநகரின் கிளாப்பம் பகுதியில் பிறந்தார். தந்தையார் வழக்குரைஞர். மூத்த மகனையும் சட்டத்துறைக்கே ஆயத்தம் செய்தனர். மகனுக்கு அதில் மனம் செல்லவில்லை. பதினெட்டாம் வயதில், 1848இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னைப் படையின் 42ஆம் காலாட்படைப் பிரிவுக்கு வந்தார். ஜபல்பூரில் அவருக்குக் கிடைத்த பணி படைக்குரிய உறைவிடம், பண்டம் முதலியவற்றைக் கவனிப்பதும் மொழிபெயர்ப்பதும். 1856இல் அப்படைப்பிரிவுடன் செகந்தராபாத்துக்கு வந்தார்.

அடுத்த ஆண்டு 1857. வடநாடு முழுவதும் துப்பாக்கி வெடித்த ஆண்டு. பதவியும் பதக்கமும் விரும்பிய இளம் படையதிகாரி எவனும் அவ்வாண்டில் வடக்கே போகவே துடித்திருப்பான். பெட்டோம் அவ்வாண்டிலேதான் சென்னை வனத்துறையில் டாக்டர் ஹியூ கிளெக்ஹார்னுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். போரை வெறுத்து அவர் விலகினார் என்று கதைகட்ட இடமில்லை. அவர் தன்வரலாறு எழுதியவர் அல்லர். ஆனால் இருபத்தேழு வயதில் அவர் தேர்ந்த பாதை இது. அதன்பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காட்டுக்குள் போனபின்னும் பட்டாளம் அவரைத் தன் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. படை வழக்கப்படி பதவி உயர்வு வந்துகொண்டேயிருந்தது. 1863-64இல் வெளியான தென்னிந்தியப் பெரணிகள் பற்றிய நூலின் முகப்பில் அவர் கேப்டன். 1869இல் தொடங்கித் தொகுதி தொகுதியாக வந்த தென்னிந்திய மரங்கள் பற்றிய பெருநூலில் அவர் மேஜர். 1883இல் வந்த பெரணிக் கையேட்டில் கர்னல். பெரணியை எண்ணி எண்ணியே ஒருவர் கர்னலான வரலாறு வேறெங்கும் எளிதிற் கிடைக்காது. தோட்டத் தொழிலாளரிடம் ‘கவாத்து’ என்னும் சொல் வழங்குகிறது. தேயிலைச் செடியையும் நிழல்மரக் கிளையையும் கழிப்பதற்கு அப்பெயர். பட்டாளத்தில் அதே சொல்லுக்குப் பொருள் அணிவகுப்புப் பயிற்சி. பெட்டோமின் வாழ்க்கை முதல் கவாத்திலிருந்து இரண்டாம் கவாத்துக்கு நகர்ந்தது எனலாம்.

கிளெக்ஹார்னுக்குப்பின் 1860இல் தலைமை வனப் பாதுகாவலரான பெட்டோம், 1882 வரை இருபத்திரண்டு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். சென்னை மாகாணத்தின் மலைகள் பலவும் அவர் பார்வைக்கு உட்பட்டன. ஆனைமலை, நீலகிரி, பழனிமலை, சிறுமலை, மதுரைச் சீமையின் மேற்கு மலைகள், திருநெல்வேலி, திருவிதாங்கூர் எல்லை எனச் சுற்றினார். அடிவாரக் காய்ச்சலுக்கு அஞ்சி அதிகாரிகள் ஒதுங்கிய காலம் அது. செங்கோட்டைக்கு மேற்கேயுள்ள காடுகளுக்குப் பெயர் தந்த செங்குறிஞ்சி மரத்தை அறிவியல் உலகுக்கு முதலில் எழுதிக் காட்டியவர் அவரே. பச்சை நிறத்தில் பெரிய செதில்களோடு கிளையில் சுருண்டு கிடக்கும் குழிவிரியனை 1862இல் விவரித்தவரும் அவரே. ஏலக்காட்டில் காய் எடுக்கும் பெண்கள் கையை நீட்டுமுன் கண்ணால் தேடுவது அந்தப் பாம்பைத்தான்.

அவருடைய நூல்களைப் புரட்டுவோர் கண்ணில் முதலில் படுவது எழுத்தன்று, படம். பெரணி நூலில் மட்டும் 271 படத்தாள்கள், மரநூலில் 330. சிற்றிலையின் நரம்பும், இலையடியில் வித்துப்பொடி அமைந்த ஒழுங்கும், கனியின் குறுக்குவெட்டும் அவற்றில் துல்லியமாக விளங்கும். இந்தப் படங்களுக்குப் பின்னால் இருந்த கைகளுள் ஒன்று கோவிந்து என்னும் ஓவியருடையது. இவர் முதலில் இராபர்ட் வைட் என்ற மருத்துவர்-தாவரவியலாரிடம் பணிபுரிந்தார். அங்கே இவருக்கு முன்னோடியாக இருந்தவர் ரங்கையா. வைட் 1853இல் தாயகம் திரும்பினார். அதன்பின் கோவிந்துவின் தூரிகை கிளெக்ஹார்னுக்கும் பெட்டோமுக்கும் உழைத்தது.

கோவிந்துவின் வாழ்க்கையைப் பற்றி வரலாறு விட்டுவைத்தது மிகக் குறைவு. ஆயினும் ஒரு பேறு அவருக்குக் கிடைத்தது. வைட் ஒரு நில ஆர்க்கிடு இனத்துக்குக் ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். உலகத் தாவரவியலில் நம் நாட்டு ஓவியர் ஒருவரின் பெயர் பேரினப் பெயராக ஏறியது அன்றைய நிலையில் சிறிய செய்தி அன்று. அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. அச்செடி முன்பே பெயர்பெற்ற ‘ட்ரோபீடியா’ என்னும் பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்வந்தோர் கண்டனர். கோவிந்தூயா பழம்பெயராக அடிக்குறிப்புக்குப் போயிற்று. அறிவியலின் விதி அது. அதில் யாரையும் குறைசொல்ல இயலாது. ஆனாலும் கவிஞர்கள் இவ்விடத்தில் சற்று நிற்பது தகும்.

மரங்களும் பெரணிகளும் பெட்டோமின் பணிக்கு அடுத்தவை. வனத்துறைத் தலைவர் மரத்தைப் பற்றி எழுதுவது வியப்பன்று. பாம்பைப் பற்றி எழுதும்படி அவருக்கு எந்த அரசாணையும் இல்லை. அதிலும் அவர் தேடியவை நல்லபாம்பும் மலைப்பாம்பும் அல்ல. யாரும் கண்டுகொள்ளாத, மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்ணுக்குள்ளேயே மடியும் சிறு பாம்புகள். இவற்றைக் கேடயவால் பாம்புகள் என்பர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இவை இல்லை. தலை கூர்மையாக மண்ணைத் துளைக்கும்; வாலின் நுனி வெட்டினாற்போல மழுங்கிச் சொரசொரப்பான கேடயமாக இருக்கும். அக்கேடயத்தில் மண் ஒட்டிக்கொண்டு, பாம்பு நுழைந்த வளைக்குப் பின்பக்கம் அடைப்பாக அமையும். உணவு மண்புழு. முட்டையிடாமல் குட்டி ஈனும். வெயில் பட்டால் உடல் வானவில்லாக மின்னும். ஆனால் வெயிலுக்கு வருவதே அரிது. நஞ்சில்லாத, கடிக்க முயலாத உயிர். வாலும் தலையும் எளிதில் வேறுபடுத்த இயலாதபடி இருப்பதால் இருதலைப் பாம்பு என்று அஞ்சி மண்வெட்டியால் வெட்டுவாரும் உண்டு.

இப்பாம்புகள் ஒரு மலையில் வாழ்பவை அடுத்த மலையில் இல்லாமற்போவது உண்டு. இடையிலுள்ள வெப்பமான பள்ளத்தாக்கை அவற்றால் கடக்க முடிவதில்லை. எனவே ஒவ்வொரு மலைக்கூட்டமும் தனக்கென ஒரு வகையை வளர்த்துக்கொண்டது. பெட்டோம் இதைத் தம் நடையால் கண்டறிந்தார். மலைமலையாக ஏறி, ஒவ்வொன்றின் மண்ணையும் கிளறி, வேறுபாடுகளைக் குறித்தார். இன்று அறியப்படும் கேடயவால் பாம்புகளுள் கணிசமான பகுதிக்கு முதல் விவரணை எழுதியவர் அவரே. அவற்றுள் இரண்டு மதுரையின் பெயரைத் தாங்கியவை. ஒன்றை 1877இலும் மற்றொன்றை 1878இலும் விவரித்து, இலத்தீனில் ‘மதுரென்சிஸ்’ என்று பெயரிட்டார். அந்நாளில் போடியும் கம்பமும் பெரியகுளமும் மதுரை மாவட்டத்தில் அடங்கியவை. நான்மாடக்கூடலின் பெயர் மீனாட்சி கோயிலிலிருந்து நெடுந்தொலைவில், ஈரமண்ணுக்குள் ஊரும் ஒரு சிறு பாம்புக்கு வாய்த்த விதம் இது. பணி ஓய்வுக்குப் பின்னும் அவர் இவற்றை மறக்கவில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மண்பாம்புகளைத் தொகுத்து 1886இல் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

நத்தைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. காட்டுத்தரையில் கிடக்கும், கடுகளவே ஆன ஓடுகளையும் பொறுக்கிச் சேர்த்தார். அவற்றை வகைப்படுத்தி 1875இல் எழுதியிருக்கிறார். மட்கிய மரத்தடியில் வாழும் கரிய சிறு தவளை ஒன்றை 1878இல் விவரித்தார். உடல் முழுதும் கருமை, தொடையில் மட்டும் செம்மை. அதற்குப்பின் அத்தவளை ஏறத்தாழ மறைந்தே போயிற்று. 1990களில்தான் ஆய்வாளர்கள் மேற்குமலையில் அதனை மீண்டும் கண்டு மகிழ்ந்தனர்.

குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை வரிசையாக நிறுத்திய கபிலரின் மரபில் வந்தோர்க்கு, பெயரிட்டு அழைப்பதும் ஒரு வகை அன்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. பெட்டோமின் பட்டியல்களில் உவமை கிடையாது, வியப்புக்குறி கிடையாது. செதில் எத்தனை வரிசை, வால் எத்தனை அங்குலம், எந்த மலை, எத்தனை அடி உயரம் என்ற செய்திகளே இருக்கும். ஆயினும் அவ்வறண்ட வரிகளுக்குப் பின்னால் மழையில் நனைந்து மண்டியிட்டுக் கிடக்கும் ஒரு மனிதர் தெரிகிறார்.

அவரைப் பாராட்டும்போது ஒன்றை மறைத்துவிடக் கூடாது. சென்னையில் இரயில் ஓடத்தொடங்கியதும், வனத்துறைக்குக் கிளெக்ஹார்ன் பொறுப்பேற்றதும் ஒரே ஆண்டில், 1856இல். இது தற்செயல் அன்று. தண்டவாளத்துக்குக் கட்டை வேண்டும். கப்பலுக்குத் தேக்கு வேண்டும். அவை தீர்ந்துபோகாமல் இருக்கக் காவல் வேண்டும். காட்டைக் காக்கும் கவலையும் காட்டை விற்கும் கணக்கும் ஒரே அலுவலகத்தில் ஒரே மேசையில் இருந்தன. மலைமக்கள் புனம் எரித்துத் தினை விதைத்த முறையை வனத்துறை பகையாகவே கண்டது. 1878இல் இந்திய வனச்சட்டம் வந்தபோது, காட்டில் கிராமத்தார்க்கு உரிமை உண்டு என்று வாதிட்டுச் சென்னை வருவாய்த்துறையினர் அதனை இங்கே நுழையவிடவில்லை. அந்தத் தடை நெடுநாள் நிற்கவில்லை. பிராண்டிஸ் என்னும் வன அறிஞர் வந்து சென்னைக்கெனத் தனிச் சட்டம் வகுத்தார். அது 1882இல் நிறைவேறியது. அதே ஆண்டில் பெட்டோம் ஓய்வு பெற்றார். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தேனுக்கும் காட்டை நம்பியிருந்தோர் தம் முன்னோர் நடந்த வழியில் அனுமதி கேட்டு நிற்கத் தொடங்கியது அதன்பின்னர்தான். அச்சட்டத்தை ஆக்கியவர் பெட்டோம் அல்லர். அதற்கு வழிகோலிய துறையை இருபத்திரண்டு ஆண்டுகள் நடத்தியவர் அவர்.

இன்னொரு கடனும் உண்டு. ஒரு வெள்ளை அதிகாரி தனியே சென்று சோலைக்குள் பாம்பும் தவளையும் தேடிக் கண்டுபிடித்தார் என்பது நடவாத செயல். எந்தப் பாறைக்கடியில் ஈரம் இருக்கும், எந்த மாதம் எது வெளிவரும் என்பதை அறிந்தவர்கள் மலைமக்கள். மதுரையைவிட்டுப் பெயர்ந்து பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் எனப் பெயர்பெற்றோம் என்று தம் குலக்கதை கூறுகின்றவர்கள். தேனெடுக்கச் செங்குத்துப் பாறையில் கொடிகட்டி இறங்கும் பளியர்கள். வழிகாட்டியும் சுமைதூக்கியும் மண்கிளறியும் உழைத்த இத்தகையோரின் பெயர்கள் நூல்களின் முகப்பில் இல்லை. கோவிந்துவுக்காவது அடிக்குறிப்பு கிடைத்தது.

பெட்டோம் நடந்த நாளில் இம்மலைமுகடு இரு அரசுகளின் எல்லை. போடிப்பக்கம் சென்னை மாகாணம். ஏலக்காடு திருவிதாங்கூருக்கு உரியது. அங்கே ஏலம் அரசரின் தனியுரிமைப் பண்டம். 1896இல்தான் அத்தனியுரிமை நீங்கியது. விளைவிப்போர் பெரும்பாலும் கிழக்கேயிருந்து ஏறிய தமிழர். காய் இறங்குவது போடிக்கு. செடிக்கும் சந்தை விற்பனைக்கும் ஏலம் என ஒரே சொல் அமைந்தது தமிழின் தற்செயலாயினும், போடிக்காரர்க்கு அது மிகப் பொருந்திவிட்டது.

ஏலச்செடி வெயில் பொறாதது. பெருமரங்களின் நிழலிலேயே வளரும். அதனால் காப்பிக்கும் தேயிலைக்கும் நேர்ந்ததுபோல் ஏலத்துக்காகக் காடு முற்றாக மொட்டையடிக்கப்படவில்லை. கீழ்ச்செடிகளை நீக்கி, பெருமரங்களை நிறுத்தி, அடியில் ஏலம் நட்டனர். மேலே காடு, கீழே தோட்டம். இலைச்சருகும் ஈரமும் மண்புழுவும் நீடித்தன. பெட்டோம் தேடிய சிற்றுயிர்களுக்கும் இடம் எஞ்சியது. அந்த ஏற்பாடு இப்போது தளர்ந்துவிட்டது. 1990களில் பரவிய அதிக விளைச்சல் தரும் ஏலவகைகள் கூடுதல் வெளிச்சம் கேட்டன. நிழல்மரங்களின் கிளைகள் ஆழமாகக் கழிக்கப்பட்டன. உரமும் பூச்சிமருந்தும் மிகுந்தன. இந்தியாவிலேயே மருந்து மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர்களுள் ஏலமும் ஒன்று என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துப் போடிமெட்டுக் கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் சென்று, மாலையில் இறங்கும் பெண்கள் அம்மருந்தைச் சுவாசித்தே கூலி பெறுகின்றனர். மண்ணுக்குள் இருப்பவற்றின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். பூப்பாறைக்கு அருகே மதிகெட்டான் என்னும் சோலை உண்டு. உள்ளே போனவர் மதி மயங்கி வழி தவறுவராம், அதனால் அப்பெயர். 2003இல் அது தேசியப் பூங்காவாயிற்று. தெற்கே மேகமலை 2021இல் திருவில்லிபுத்தூருடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாயிற்று. கேடயவால் பாம்புக்கெனக் காப்பகம் கேட்பவர் எவரும் இல்லை. புலியின் நிழலில் அதுவும் பிழைத்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வுபெற்ற பெட்டோம் இங்கிலாந்து திரும்பியபின் முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக வாழ்ந்தார். வேட்டைப் பெருமைகளை விரித்து நினைவுநூல் எழுதுவது அந்நாளைய கர்னல்களின் வழக்கம். இவர் எழுதியது பெரணிக் கையேடு. 1892இல் அதற்கொரு பிற்சேர்க்கை. அவர் சேர்த்த பாம்புகள் இலண்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. அங்கே கந்தர் என்னும் அறிஞர் 1876இல் ஒரு தேரைக்கு அவர் பெயரைச் சூட்டியிருந்தார். சேஷாசல மலைப்பகுதியில் வளரும் சைகஸ் வகை ஒன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

1911 பிப்ரவரி 23ஆம் நாள் பெட்டோம் மறைந்தார். எண்பது வயது கடந்து, எண்பத்தொன்றை எட்ட மூன்று மாதங்கள்கூட இல்லாத நிலை. அதிலிருந்து பதினான்காம் நாள், மார்ச் 9இல், அதே இங்கிலாந்தில் பென்னிகுக்கும் மறைந்தார். சென்னைப் பட்டாளத்தின் இரு கர்னல்கள். இருவரும் இதே மலைத்தொடரில் உழைத்தவர்கள். ஒருவருக்கு ஆண்டுதோறும் சனவரி 15இல் தேனி மாவட்டத்தில் பொங்கல் வைக்கின்றனர். லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தனர். அவருடைய நீரை உண்டவர்கள் அவரை நினைப்பது முறையே. மற்றவருக்கு இப்பள்ளத்தாக்கில் விழா எடுப்பார் இல்லை. அடைமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ஏலத்தூரின் அடியில் களை கொத்தும் பெண்ணின் மண்வெட்டிக்கு ஓரடி தள்ளி மண் சற்றே நெகிழ்ந்து, வால்நுனியில் ஒரு கட்டி மண்ணைச் சுமந்தபடி அந்தச் சிறு பாம்பு மீண்டும் உள்ளே போகிறது.